பதிவு யந்திரமும் மாற்று வட்டும்

1950களின் பிற்பகுதியில், தொலைக்காட்சிப் பெட்டி, துணி துவைக்கும் யந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் ஜப்பானிய மக்கள் தங்கள் சக்கரவர்த்தி பரம்பரையின் சின்னங்களாகிய கண்ணாடி, வாள், மணி என்னும் மூன்று புனிதப் பொருள்களின் பெயரால் அழைத்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் அதே பட்டம் டிஜிட்டல் காமிராவுக்கும், தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கும், ஹார்டு டிஸ்க் பொருத்திய டிவிடி ரெக்கார்டருக்கும் சூட்டப்பட்டது. இம்மூன்றிலும் சீக்கிரமாக மறக்கப்பட்டது ரெக்கார்டர்தான். ஆயினும் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் ஆசையோடு சேர்த்த காட்சிகளையெல்லாம் தன் வயிற்றில் வைத்துக் காத்ததும், தேய்ந்து நின்றே தீரும் ஓர் உறுப்பின்மேல் அந்தப் பொறுப்பு முழுவதையும் சுமத்தியதும் அதுவேயாதலால், அதன் சரித்திரம் சொல்லத் தக்கதென்பது என் அபிப்பிராயம்.

ஒளிபரப்பை வீட்டிலேயே பிடித்து வைக்கும் வழக்கம் காந்த நாடாவில் தொடங்கியது. 1975இல் சோனியின் பீட்டாமாக்ஸும், அடுத்த ஆண்டில் ஜேவிசியின் விஎச்எஸ்ஸும் வந்து, போட்டியிட்டு, பின்னது வென்ற விருத்தாந்தம் பிரசித்தமானது. அதைவிட முக்கியமானது அமெரிக்காவில் நடந்த வழக்கு. யூனிவர்ஸல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் சோனியின்மேல் தொடுத்த அவ்வழக்கில், ஒரு நிகழ்ச்சியைத் தமக்குச் சௌகரியமான வேளையில் பார்ப்பதற்காக ஒருவர் வீட்டில் பதிவு செய்துகொள்வது நியாயமான உபயோகமே என்று உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு மறுபக்கம் விழுந்திருந்தால், பின்னால் வந்த யந்திரங்கள் இத்தனை தாராளமாக வீடுகளுக்குள் நுழைந்திருக்குமா என்பது சந்தேகமே. கேசட்டுக்கு இருந்த பெரிய குணம், அதைப் பிடித்த யந்திரம் பழுதானாலும் பக்கத்து வீட்டு யந்திரத்தில் அது ஓடும் என்பது. பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் 1970களின் கடைசி முதல் 2012இல் காலமாகும் வரை இரவுபகலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பிடித்து வைத்த சுமார் 70,000 கேசட்டுகள் இன்று ஓர் ஆவணக் காப்பகத்தின் சொத்தாக இருப்பது அந்தக் குணத்தால்தான்.

நாடாவின் இடத்தை வட்டு பிடித்தது மிக விரைவாக நிகழ்ந்தது. 1999இல் அமெரிக்காவில் டீவோ என்ற கருவி ஹார்டு டிஸ்க்கை மட்டுமே கொண்டு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் பயனியர் நிறுவனம் டிவிடியில் எழுதும் முதல் வீட்டு ரெக்கார்டரை இரண்டரை லட்சம் யென் விலையில் வெளியிட்டது. இவ்விரண்டு வழிகளையும் ஒரே பெட்டிக்குள் இணைத்தது 2001இல் வந்த தோஷிபாவின் ஆர்டி-2000. அதன் 30 ஜிபி வட்டில் சாதாரணத் தரத்தில் சுமார் 12 மணிநேர நிகழ்ச்சிகளைப் பிடிக்கலாம். வேண்டாத விளம்பரங்களை வெட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் டிவிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். பதிவு முடிவதற்கு முன்பே அதே நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து பார்க்கவும் செய்யலாம். இந்தச் சுகத்தைக் கண்டவர்கள் கேசட்டை மறந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஹார்டு டிஸ்க் ஓயாமல் சுழலும் பொருள். நிமிஷத்துக்கு 5,400 சுற்றோ அதற்கு மேலோ ஓடும் தகடுகளின்மேல், தூசி ஒன்று புகவும் இடமில்லாத உயரத்தில், எழுதும் தலை மிதந்துகொண்டிருக்க வேண்டும். டீவோ போன்ற கருவிகளில் பார்த்துக்கொண்டிருக்கும் அலைவரிசையின் கடைசி அரைமணி நேரம் எந்நேரமும் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தபடியால், அந்த வட்டுக்கு இரவென்றும் பகலென்றும் ஓய்வு கிடையாது. போதாக்குறைக்கு, காற்றோட்டமில்லாத அலமாரியில், மற்றப் பெட்டிகளின் உஷ்ணத்துக்கு நடுவே அது இருத்தப்பட்டது. நாலைந்து வருஷங்களில் படம் சதுரம் சதுரமாக உடையும். டக், டக் என்று உள்ளிருந்து ஓசை கேட்கும். ஒருநாள் திரையில் சற்றுப் பொறுக்கும்படி சொல்லும் வாசகத்தோடு யந்திரம் அப்படியே நின்றுவிடும்.

பழுதான வட்டை மாற்றும் வேலை பார்வைக்கு எளியது. மின்கம்பியைப் பிடுங்கி, மின்சாரப் பகுதியில் தேங்கிய மின்னேற்றம் வடியும்வரை பொறுத்து, மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றினால், தகரத் தாங்கியில் ரப்பர் மெத்தைகளின்மேல் ஹார்டு டிஸ்க் படுத்திருக்கும். நாற்பது முனைகள் கொண்ட பட்டைக் கேபிளையும் நான்கு முனை மின்செருகியையும் எடுத்து, புதியதன் பின்புறமுள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியைப் பழையதில் இருந்த நிலையிலேயே வைத்துப் பொருத்தினால் கைவேலை முடிந்தது. ரெக்கார்டருக்கென்றே தயாரான வட்டுகளும் உண்டு. கணினி வட்டு ஒரு பிழையைக் கண்டால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ரெக்கார்டர் வட்டோ, ஓடும் படம் நிற்கலாகாது என்பதற்காக, அந்தத் துணுக்கை விட்டுவிட்டு மேலே செல்லும். யுத்தத்துக்குப் பின் வானொலி உறுப்புகளைத் தெருவோரத்தில் விற்று, 1949இன் ஆக்கிரமிப்பு நிர்வாக உத்தரவால் ரயில்பாதையின் கீழே ஒதுங்கிய சிறு வியாபாரிகள் வளர்த்த டோக்கியோவின் அகிஹபாரா கடைவீதியில் இத்தகைய பொருள்களைத் தேடி எடுப்பது சிரமமாக இருக்கவில்லை.

சிரமம் அதற்கு மேல்தான். சில தோஷிபா ரெக்கார்டர்களில் புதிய வட்டைத் திரையில் தோன்றும் பட்டியலிலிருந்தே துவக்கிக்கொள்ளலாம். பயனியரின் பல மாதிரிகளிலோ, பழுதுபார்ப்போருக்கு மட்டும் கொடுக்கப்படும் விசேஷ ரிமோட்டும் டிஸ்க்கும் இல்லாமல் யந்திரம் புதிய வட்டை ஏற்காது. சொந்தப் பணத்தில் வாங்கிய பெட்டியின் ஓர் உறுப்பை மாற்றுவதற்கு உடையவனிடம் சாவி இல்லாதபடி செய்தது அநியாயமென்றே நான் கருதுகிறேன். இன்னும் வருந்தத் தக்கது, போன படங்களின் கதி. 2004 ஏப்ரலில் ஜப்பானிய டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஒரே ஒரு பிரதி என்ற கட்டுப்பாடு வந்தது. அப்படிப் பிடித்த நிகழ்ச்சிகள் அந்தந்த யந்திரத்துக்கே உரிய சங்கேதத்தால் பூட்டப்பட்டன. ஆகவே, மின்பலகை கெட்டு வட்டு நன்றாயிருந்தாலும், அதை வேறொரு பெட்டியில் வைத்துப் படிக்க வழியில்லை. டிவிடிக்கு மாற்றும்போதே மூலம் வட்டிலிருந்து அழியும் என்பதால், மாற்றம் நடுவில் தடைப்பட்டால் இரண்டும் போயின. இந்த மனக்குறை பெருகி, 2008 ஜூலை 4 முதல் ஒன்பது பிரதிகளும், பத்தாவதாக ஓர் இடமாற்றமும் அனுமதிக்கப்பட்டன. அதன்பின் டக் என்ற முதல் ஓசை கேட்டவுடன், யந்திரத்தை அணைக்காமல், மிகவும் வேண்டியதை முதலில் டிவிடியில் இறக்கிவிடுவது விஷயமறிந்த வீடுகளில் வழக்கமாயிற்று.

2011 ஜூலை 24இல், பூகம்பத்தால் பாதிக்கப்பட்ட மூன்று வடகிழக்கு மாகாணங்கள் நீங்கலாக, ஜப்பானில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதை மட்டும் பிடிக்கக்கூடிய ரெக்கார்டர்கள் ஒரே நாளில் ஒளிபரப்பைப் பதிவு செய்யப் பயனற்றுப் போயின. நாற்பது முனை வட்டுகளின் தயாரிப்பும் காலக்கிரமத்தில் ஒழிந்தபடியால், பழைய யந்திரங்களை விடாது பேணுவோர், ஸாட்டா என்னும் புதிய இணைப்பு கொண்ட வட்டுக்கும் பழைய கேபிளுக்கும் நடுவே ஒரு சிறு மாற்றுப்பலகையைச் செருகி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். டிவிடிக்குப் பின் வந்த, எழுதத்தக்க ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பையும் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.