முப்பத்தாறு பேர்

1930ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி காலை, சென்ற் கில்டாத் தீவின் கடைசி 36 பேரும் ‘ஹெயர்பெல்’ என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். வீடுதோறும் விவிலியத்தை விரித்துவைத்து, அருகே ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்களாம். சனங்கள் தாங்களாகவே கேட்டு வெளியேறினார்கள் என்றுதான் வரலாறு கூறுகிறது. எழுத்தில் அது சரி. அவ்வாண்டு மே 10ஆம் திகதியிட்ட மனு இருக்கிறது. ஆனால் அந்த மனுவை எழுதும் நிலைக்கு ஒரு சனம் எப்படி வந்துசேர்ந்தது என்பதை அது முழுதாகச் சொல்லாது.

ஸ்கொட்லாந்தின் மேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி, அத்திலாந்திக்கில் ஏறத்தாழ 40 மைல் தொலைவில் இருக்கிறது சென்ற் கில்டா. சனங்கள் வாழ்ந்த பெரிய தீவின் பெயர் ஹேர்ட்டா. மரமென்று ஒன்றுமில்லை. பேச்சு கேலிக் மொழி. கடல் கொந்தளிப்பதால் மீன்பிடியை நம்ப முடியாது. பறவைகளே அவர்களது உணவு. ஆண்கள் வெறுங்காலோடு, இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறைகளில் இறங்கி ஃபுல்மார், கனெற், பஃபின் ஆகிய கடற்பறவைகளைப் பிடித்தார்கள். ஃபுல்மாரின் இறைச்சி சாப்பாடு, எண்ணெய் விளக்குக்கு, இறகு நிலவுடைமையாளருக்கான வாடகை. காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையைப் பேசி முடிவுசெய்வார்கள். வெளியார் அதைப் ‘பாராளுமன்றம்’ என்றார்கள். அதற்குத் தலைவரும் இல்லை, சட்டப் புத்தகமும் இல்லை.

காற்றை அவர்கள் வேலைக்காரனாகவே வைத்திருந்தார்கள். சாந்தில்லாமல் கல்லடுக்கி, மேலே புல்மண் மூடிய ‘கிளீற்’ என்னும் களஞ்சியங்கள் ஹேர்ட்டாவில் மாத்திரம் 1,200க்கு மேல். கல்லிடுக்கால் காற்று உள்ளே நுழையும், மழை நுழையாது. இறைச்சி, முட்டை, எரிக்கும் புல்மண் எல்லாம் அங்கேதான் காய்ந்தன. குளிர்ப்பெட்டிகளோடு நாள்முழுதும் மாரடிக்கும் எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் பெரிய மரியாதை. 1860களில் நிலவுடைமையாளர் நல்லெண்ணத்தோடு நாகரிக வீடுகள் கட்டிக்கொடுத்தார். அவற்றின் துத்தநாகத் தகட்டுக் கூரைகளைப் புயல் பிடுங்கிக்கொண்டு போயிற்று. தடித்த சுவரும் தாழ்ந்த கூரையுமான பழைய வீடுகளே காற்றை அறிந்தவை.

பெரிய இழப்பொன்று 1852இல். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்களும் 36 பேர்தான். ஏறக்குறைய பாதிப்பேர் வழியிலேயே நோயில் மாண்டார்கள். பின்னர் பிறந்த குழந்தைகளை ஏற்புவலி கொன்றது. 1890களில் ஒரு மதகுரு கிருமிநீக்க முறையைக் கற்றுவந்து புகுத்தியபின்தான் அது நின்றது. இதற்கிடையில் உல்லாசப் பயணிகளின் நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கின. சனங்கள் பறவை முட்டையும் கம்பளியும் விற்றார்கள். கூடவே தாங்களும் காட்சிப்பொருளானார்கள்.

முதலாம் உலகப்போரில் கடற்படை அங்கே தொடர்பு நிலையம் அமைத்தது. கூலி கிடைத்தது, கப்பல் ஒழுங்காக வந்தது. 1918 மே மாதம் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்று அதைச் சுட்டது; சனங்களில் ஒருவரும் சாகவில்லை. போர் முடிந்ததும் கடற்படை போனது. கூடவே கூலியும் கப்பலும் போயின. இளைஞர்கள் ஒவ்வொருவராகப் பெருநிலத்துக்குப் போனார்கள். பாறையில் கயிறுபிடிக்கக்கூட ஆள் போதவில்லை. 1930 தொடக்கத்தில் நோயுற்ற இளம் தாயொருவர் கிளாஸ்கோவில் இறந்தது மிச்சமிருந்த மனத்தையும் உடைத்தது.

மனுவில் ஒரு வரி என்னை விடாமல் உறுத்துகிறது. தங்களை ஒரே இடத்தில் தனிச் சமூகமாகக் குடியேற்றும்படி தாங்கள் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். உதவி கேட்பவன் எவ்வளவு குறைவாகக் கேட்கப் பழகியிருக்கிறான்! அரசு செம்மறிகளை விற்றுச் செலவை ஈடுசெய்யப் பார்த்தது. நாய்களின் கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் தாழ்த்தினார்கள். பலரை மொர்வேன் பகுதியில் குடியமர்த்தி, ஆண்களுக்குக் கொடுத்த வேலை வனத்துறையில். மரமே இல்லாத தீவின் பிள்ளைகள் மரம் நட்டார்கள்.

அத்தீவில் பிறந்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் 2016இல் காலமானார். தீவில் இப்போது காட்டுச் செம்மறிகள் திரிகின்றன. வேறெங்கும் இல்லாத ஒருவகை வீட்டு எலியும் முன்பு அங்கே இருந்தது. அடுப்பணைந்த வீடுகளில் அது சில ஆண்டுகளுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. வயல் எலி மட்டும் இன்னும் இருக்கிறது.