புல்டாக்: காளைக் களத்திலிருந்து கண்காட்சி மேடைக்கு

இங்கிலாந்தில் கட்டிவைத்த காளையின் மூக்கைக் கவ்வி அடக்கும் கொடூர விளையாட்டுக்காக வளர்க்கப்பட்ட நாய் புல்டாக். 1835இல் சட்டம் அதைத் தடைசெய்ததும் நாய்க்கு வேலை இல்லாமல் போனது. 1859இல் நியூகாசிலில் தொடங்கிய நாய்க் கண்காட்சி மரபு அதற்குப் புதுவாழ்வு தந்தது; கொடுத்த விலைதான் அதிகம். நடுவர்கள் தட்டை முகத்தையும் பெருத்த தலையையும் விரும்ப, வளர்ப்பவர்கள் தலைமுறைதோறும் அவற்றையே மிகைப்படுத்தினர். முக எலும்பு குறுகிய அளவுக்கு உள்ளிருக்கும் மென்திசு குறையவில்லை, மூச்சுப்பாதை அடைபட்டது. நாய் மூச்சிரைத்தே உடல்சூட்டைத் தணிப்பதால், கோடையில் சிறு ஓட்டமும் உயிருக்கு ஆபத்தாகலாம். குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்பு வழியே எளிதில் வராததால், பெரும்பாலான பிரசவங்கள் அறுவை சிகிச்சையில்தான் முடிகின்றன. காளையை எதிர்த்து நின்ற இனத்துக்கு இது விந்தையான பரிசு. 2008இல் இத்தகைய வளர்ப்பைப் பற்றி பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் கண்டனத்தைக் கிளப்பிய பிறகே, 2009இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இன வரையறையைத் திருத்தியது.