கல்லறை இல்லாத விமானிகள்

கல்லறைத் திருநாளில் நம் முன்னோரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். கடலில் மாண்டவர்க்கோ கல்லறை இல்லை. நம் வீரசோழன் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த காலங்களில் இப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் கடல் கடந்தோர் பலர். ஆகவே, அந்த இலங்கையைக் காக்கப் புறப்பட்டுக் கடலில் வீழ்ந்த விமானிகளின் சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அடுத்து ஆபத்து இலங்கையை நெருங்கியது. ஏப்ரல் 4, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. காலிக்கு அருகிலுள்ள கொக்கலையிலிருந்து லியனார்டு பெர்ச்சால் என்னும் கனடா விமானி எட்டுத் தோழருடன் புறப்பட்டார். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாளே ஆகியிருந்தது. அவர் ஓட்டியது நீரிலிருந்தே எழும்பும் கேட்டலினா என்ற ரோந்துக் குண்டுவீச்சு விமானம்.

மாலையில், தெற்கே சுமார் 350 மைலுக்கப்பால், ஜப்பானியப் பெருங்கப்பற்படையைக் கண்டார். கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிரி விமானங்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்தின. மூவர் மாண்டனர், அறுவரை ஜப்பானியர் சிறைபிடித்தனர். ஆனால் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறின. மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தபோது, சேதம் பெரிதும் குறைந்தது. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னை மக்கள் பீதியுற்று ஊரைவிட்டு வெளியேறினர்.

ஏப்ரல் 9-இல் திருகோணமலை தாக்குண்டது. அன்று 11-ஆம் படைப்பிரிவின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது, காவல் விமானத் துணையின்றி அந்தக் கப்பற்படையை எதிர்த்துச் சென்றன. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர்.

மாண்டார் என்று கருதப்பட்ட பெர்ச்சால், 1945-இல் யுத்தம் முடிந்தபின் ஜப்பானியச் சிறையிலிருந்து உயிரோடு மீண்டார். 2004 வரை வாழ்ந்தார். 'இலங்கையின் காவலர்' என்று உலகம் அவரைப் போற்றியது. திரும்பாதவர்க்கு அப்படிப் பட்டம் ஏதும் கிடைக்கவில்லை. கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கீழ்த்திசைக் கடல்களில் மறைந்த விமானிகளுக்கும் அக்கல்லே கல்லறை.

வென்று மீண்டவரை உலகமே நினைக்கும். நாம், முயன்று மீளாதவரையும், நம் ஊர்ப்புறத்திலிருந்து கடல் கடந்து சென்று திரும்பாதவரையும் சேர்த்தே நினைவு கூர்வோமாக.