டைல்ஸ் கொட்டேஷன் நியாயமா? 3,700 வருஷத்துக் கேள்வி

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போடணும். மூணு மேஸ்திரிகிட்ட விசாரிக்கிறோம். ஒருத்தர் சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொல்றார். இன்னொருத்தர் நாள் கூலி கேட்கிறார். மூணாவது ஆள் வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "மொத்தமா இவ்வளவு கொடுத்துடுங்க சார், நான் பார்த்துக்கிறேன்"னு முடிச்சிடுறார். மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லை.

இதுல எது நியாயமான ரேட்? நமக்கு வேலை தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் சொல்ற தொகையைச் சரிபார்க்க நம்மகிட்ட என்ன இருக்கு? அரசர்களும் நீதிபதிகளும் கட்டடக் கலைஞர்களும் இதே கேள்வியோட மல்லுக்கட்டியிருக்காங்க. அவங்க கண்டுபிடிச்ச விடைகள் இன்னைக்கும் நமக்கு உதவும்.

சதுர அடி ரேட்டின் பிறப்பு

முதல் நிறுத்தம் பாபிலோன், கி.மு. 1750 வாக்கில். ஹம்முராபியின் சட்டம்னு பள்ளிப் புத்தகத்துல படிச்சிருப்போம். அந்தக் கருங்கல் தூண் இப்போ பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துல நிக்குது. "கண்ணுக்குக் கண்" மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். ஆனா அதே தூண்ல கட்டடம் கட்டுறவருக்கான கூலியும் இருக்கு. ஒரு 'சார்' அளவு வீட்டுக்கு 2 ஷெக்கல் வெள்ளி. ஒரு சார் என்பது ஏறக்குறைய 36 சதுர மீட்டர், அதாவது 390 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. 2 ஷெக்கல் சுமார் 16 கிராம் வெள்ளி. ஆக, பரப்பளவை வெச்சுக் கூலி பேசுற வழக்கத்துக்குக் குறைஞ்சது 3,700 வயசு.

அந்தக் கூலிக்கு அடுத்தாப்புலயே பொறுப்பும் எழுதியிருக்காங்க. கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரர் செத்தா, கட்டினவருக்கு மரண தண்டனை. சுவர் சரிஞ்சு விழுற மாதிரி இருந்தா, கட்டினவர் தன் கைக்காசைப் போட்டுப் பலப்படுத்திக் கொடுக்கணும். தண்டனையை விட்டுடுவோம், அது அந்தக் காலம். ஆனா கூலியையும் பொறுப்பையும் சேர்த்தே பேசின முறை நல்ல முறை. இன்னைக்கு நம்ம கொட்டேஷன்கள்ல முதல்ல காணாமப் போறது இந்த இரண்டாவது பாதிதான். ஆறு மாசத்துல ஒரு டைல் தூக்கிட்டு வந்தா யார் செலவுல சரி பண்றது? பெரும்பாலும் யாரும் பேசியிருக்க மாட்டாங்க.

ரோமாபுரியின் ரேட் கார்டு

அடுத்தது கி.பி. 301. ரோமப் பேரரசுல விலைவாசி எகிறிக்கிட்டு இருந்த நேரம். பேரரசர் டயோக்ளீஷியன் ஒரு ஆணை போட்டார். நூத்துக்கணக்கான பொருள்களுக்கும் வேலைகளுக்கும் உச்சவரம்பு விலை. அதைக் கல்லுல வெட்டி ஊர் ஊரா வெச்சாங்க. அந்தக் கல் துண்டுகள் கிடைச்சதால நமக்கு அன்னைய கூலி தெரியுது.

சாப்பாடு போக, ஒரு நாளுக்கு: விவசாயக் கூலிக்கு 25 டெனாரி. கல் தச்சருக்கும் மரத் தச்சருக்கும் 50. சின்னச் சின்னக் கல் பதிச்சு மொசைக் செய்றவங்கள்ல ஒரு வகைக்கு 50, இன்னொரு வகைக்கு 60. பளிங்குக் கல் வேலைக்கு 60. உருவப்படம் வரையற ஓவியருக்கு 150. கல் பதிக்கிறது கைப்பழக்கம் வேணுங்கிற வேலை, அதனால சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்குன்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டாங்க. டைல்ஸ் மேஸ்திரி ஏன் சித்தாளைவிட அவ்வளவு கூட வாங்குறார்னு கேட்கிறவங்களுக்கு இது பழைய பதில்.

வரம்பை மீறினா மரண தண்டனைன்னு ஆணை சொல்லுச்சு. பலன்? அதே காலத்துல வாழ்ந்த லாக்டான்டியஸ் எழுதினபடி பார்த்தா, பொருள்கள் சந்தைக்கே வராமப் போச்சு, விலை இன்னும் ஏறுச்சு, கடைசியில சட்டத்தைக் கைவிட்டாங்க. அவர் டயோக்ளீஷியனை வெறுத்தவர், அதனால கொஞ்சம் தள்ளித்தான் எடுத்துக்கணும். இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவு. எகிப்துல இருந்து ஐரோப்பா வரைக்கும் ஒரே ரேட்னு எழுதி வெச்சா, ஊருக்கு ஊர் மாறுற செலவை அது கணக்குல எடுக்காது. இணையத்துல எங்கேயோ பார்த்த சதுர அடி ரேட்டை நம்ம தெரு மேஸ்திரிகிட்ட நீட்டுறதும் இதே தப்புதான்.

எரிந்த லண்டன்

1666 செப்டம்பர். லண்டன்ல நாலு நாள் தீ. 13,000-க்கும் மேல வீடுகள் போச்சு. ஊர் முழுக்க ஒரே நேரத்துல வீடு கட்டணும்னா என்ன ஆகும்? செங்கல்லும் ஓடும் சுண்ணாம்பும் கிடைக்காது. கொத்தனார் கேட்டதுதான் கூலி.

1667-ல வந்த மறுகட்டுமானச் சட்டம் இரண்டு பக்கமும் கை வெச்சுது. விலையோ கூலியோ அநியாயமாப் போச்சுன்னா நீதிபதிகள் தலையிட்டு நிர்ணயிக்கலாம்னு சொல்லுச்சு. அதோட, நகரத் தொழில் சங்கங்கள்ல இல்லாத வெளியூர்த் தொழிலாளர்களும் ஏழு வருஷம் அங்கே வேலை செய்யலாம்னு கதவைத் திறந்துவிட்டுச்சு. அதாவது, இன்னும் நாலு பேர்கிட்ட ரேட் கேட்க வழி பண்ணினாங்க.

கிறிஸ்டோபர் ரென்னின் கடிதம்

அந்த மறுகட்டுமானத்துல பெரிய பங்கு வகிச்சவர் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டின கிறிஸ்டோபர் ரென். 1681-ல ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில 'டாம் டவர்' கோபுர வேலை. அதுக்காக அங்கே டீனாகவும் பிஷப்பாகவும் இருந்த ஜான் ஃபெல்லுக்கு ரென் ஒரு கடிதம் எழுதினார். நம்ம மூணு மேஸ்திரிகளும் அப்படியே அந்தக் கடிதத்துல இருக்காங்க.

வேலை கொடுக்க மூணு வழின்னு சொல்றார்: நாள் கூலி, அளவுக் கூலி, மொத்தக் காண்ட்ராக்ட். நாள் கூலியில ஆள் எப்போ சோம்பேறித்தனம் பண்றான்னு தெரியும். அளவுக் கூலியில ஒவ்வொரு வேலையும் தனித்தனியா வெளிச்சத்துக்கு வரும், என்னென்ன வாங்கி வைக்கணும்னும் தெரியும். மொத்தக் காண்ட்ராக்ட்ல இரண்டு பக்கமும் அடிபடாம உறுதியா ஒரு பேரம் முடிக்கலாம். ஆனா தினமும் பழகாத வேலைன்னா, வேலை எடுக்கிறவர் குறைச்சலாச் சொல்லித் தன்னையே நஷ்டத்துல மாட்டிக்குவார். நடுவுல அது புரிஞ்சதும், கையைக் கடிக்காம இருக்க வேலையில தரத்தைக் குறைச்சுடுவார்.

நமக்கு ரேட் அதிகமாச் சொல்லிட்டா பயம். ரென்னுக்குக் குறைச்சலாச் சொன்னாலும் பயம். டைல்ஸ் வேலையில இது எப்படி நடக்கும்னு பாருங்க. கலவை முழுசாப் பரவாம நடுவுல குழி இருக்கும், நாணயத்தால தட்டினா டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் வரும். பாத்ரூம்ல வாட்டம் சரியா இருக்காது, தண்ணி மூலையில நிக்கும். பேரம் பேசி மிச்சம் பிடிச்ச பணம் உடைச்சுப் போடுறதுல போயிடும்.

அதனால ரென் அளவுக் கூலியைத்தான் பரிந்துரைச்சார். வேலை எழ எழ மூணு நாலு தடவை அளக்கணும், அளக்கிறவர் விவரம் தெரிஞ்ச நம்பிக்கையான ஆளா இருக்கணும்னும் சேர்த்துச் சொன்னார்.

நம்ம வீட்டுக் கணக்கு

இந்த அளவு முறைதான் இன்னைக்கு அரசாங்க எஸ்டிமேட்டுக்கும் அடிப்படை. மத்தியப் பொதுப்பணித் துறையின் ரேட் பகுப்பாய்வைப் பார்த்தீங்கன்னா, ஒவ்வொரு வேலைக்கும் பொருள், ஆள் கூலி, தண்ணிச் செலவுன்னு தனித்தனி வரி. கடைசியில காண்ட்ராக்டரோட லாபமும் நிர்வாகச் செலவும் சேர்த்து 15 சதவீதம். லாபத்துக்கும் வெளிப்படையா ஒரு வரி உண்டு. தமிழ்நாடு பொதுப்பணித் துறைக்கும் இப்படி ஒரு விலைப்பட்டியல் இருக்கு. ஒரு பெட்ரூம் வேலைக்கு அந்த ரேட் அப்படியே பொருந்தாது, சின்ன வேலைக்கு எப்பவும் கொஞ்சம் கூடத்தான் ஆகும். நமக்கு வேண்டியது அந்தப் பிரிச்சு எழுதுற பழக்கம்.

10-க்கு 12 அடி ரூமை எடுத்துக்கோங்க. தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடி, கதவுக்கு 3 அடி போக 41 அடிக்கு ஸ்கர்ட்டிங். 4 அங்குல உயரம்னா அது இன்னும் 14 சதுர அடி. வெட்டுறதுலயும் உடையறதுலயும் போறதுக்கு 10 சதவீதம் சேர்த்தா சுமார் 147. 2-க்கு 2 டைல்ஸ், பெட்டிக்கு 4-ன்னா 10 பெட்டி. "120 அடி ரூமுக்கு 160 அடி டைல்ஸா?"னு மேஸ்திரி மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும். அதேபோல 15 பெட்டி கேட்டா, எதுக்குன்னு கேட்கவும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

அப்புறம் மூணு பேர்கிட்டயும் ஒரே கேள்விகள். பழைய தரையை உடைச்சு, இடிபாட்டை அள்ளுறது ரேட்டுல சேர்ந்ததா? சிமென்ட், மணல், கிரவுட் யார் வாங்குறது? ஸ்கர்ட்டிங்கும் படிக்கட்டும் அடிக் கணக்கா, சதுர அடிக் கணக்கா? முடிஞ்சதும் யார் அளக்கிறது? டைல் தூக்கினா யார் பொறுப்பு? பதில்களை ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கிட்டா, முதல்ல ஒட்டாம நின்ன மூணு தொகையும் ஒப்பிடுற மாதிரி வந்துடும். அதிகமாச் சொன்னவர் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். குறைச்சலாச் சொன்னவர் பாதியை விட்டிருக்கலாம். எல்லாம் சேர்த்தும் ஒருத்தர் ரொம்பக் குறைவுன்னா, "அண்ணே, இதுல உங்களுக்குக் கட்டுப்படி ஆகுமா?"னு கேட்டுடுங்க. அந்தக் கேள்வி அவருக்கும் நல்லது, நம்ம தரைக்கும் நல்லது.

உங்க வீட்டுத் தரை மொசைக்கா, ரெட் ஆக்சைடா, டைல்ஸா? அன்னைக்கு என்ன கூலி கொடுத்தாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.