எலிக்குப் போட்ட மூடி

சில வருடங்களுக்கு முன் ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வந்தது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எலிக்கூண்டுகளுக்கு மட்டும் பெரிய தொகை. "எலிக்கு எதுக்கு சார் இவ்வளவு சொகுசு வீடு?" என்று கேட்டேன். ஆய்வகப் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. "பாதி எலிக்கு, பாதி மனுஷனுக்கு" என்றார். பி.காம். படித்தவனுக்கு அது எங்கே புரியும்? பிறகு தேடிப் படித்ததன் சாரம்தான் இந்தப் பதிவு.

ஆய்வக எலி ஒரு நூற்றாண்டுச் சமாச்சாரம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் அப்பி லாத்ராப் என்ற பெண்மணி வளர்ப்புப் பிராணியாக விற்ற சுண்டெலிகளை ஆய்வகங்கள் வாங்க ஆரம்பித்தன. 1929ல் ஜாக்சன் ஆய்வகம் வந்தது. நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். அந்தக் கூடம்தான் 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

எலிகள் பெருகப் பெருக, கூண்டு கழுவுகிறவர்களுக்குத் தும்மல், கண் அரிப்பு, தோலில் தடிப்பு. 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவில் பிர்க்கே உருவாக்கியது 1906ல். அதற்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் பிடிபட்டது 1960களின் பிற்பகுதியில்தான்.

எலி முடிதான் குற்றவாளி என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. முக்கியக் குற்றவாளி சிறுநீரில் வரும் ஒரு புரதம். அது காய்ந்து, கூண்டில் பரப்பிய மரத்தூளோடு தூசியாகிக் காற்றில் மிதக்கிறது. வளர்ந்த ஆண் எலியிடம் அதிகம். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் தொல்லை தொடங்கும். தும்மலோடு நின்றால் பிழைத்தோம். சிலருக்கு அது ஆஸ்துமாவில் போய் முடியும்.

இனி வேடிக்கை. 1958ல் லிஸ்பெத் கிராஃப்ட் கூண்டுக்கு வடிகட்டி மூடி போட்டார். எலிக்குஞ்சுகளுக்குள் வயிற்றுப்போக்கு பரவாமல் இருக்கத்தான்! அதே மூடி தூசியையும் கூண்டுக்குள் நிறுத்தியது. பிறகு ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியாகக் காற்று செலுத்தும் அடுக்குகள் வந்தன. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே காற்றழுத்தம் அதிகமாக வைத்தால் கிருமி உள்ளே போகாது, எலி பத்திரம். ஆனால் இடுக்கு வழியாகத் தூசி அறைக்குள் கசியும். அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் மனிதன் பத்திரம். பொறுப்பாளர் சொன்ன 'பாதி பாதி' கணக்கு அப்போதுதான் விளங்கியது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. பிரிட்டன் 1982ல் ஆய்வக விலங்குகளால் வரும் ஆஸ்துமாவைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 1998ல் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: விலங்குகளைக் கையாள்வோரில் சுமார் 33 சதவீதம் பேருக்கு அலர்ஜி அறிகுறிகள், சுமார் 10 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா அறிகுறிகள். அவர்கள் சொன்ன வழிகளும் எளியவைதான். தூசி பறக்காத விரிப்பு, காற்றை உறிஞ்சும் மேஜையில் கூண்டு சுத்தம் செய்வது, கையுறை, சரியான முகக்கவசம், வேலை உடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போகாதது, அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை. சாதாரண சர்ஜிகல் மாஸ்க் இந்தத் தூசிக்குப் போதாது, என்95 போன்றது வேண்டும்.

கடனுக்கு முந்தைய இன்ஸ்பெக்ஷனுக்குப் போனபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்னறையில் புதுக் கூண்டுகளின் மாதிரி பளபளவென்று. பின்கட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒரு பையன், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பழைய கூண்டுகளிலிருந்து மரத்தூளைச் சுரண்டிக் கொட்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே தும்மல். அவ்வளவு பெரிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் முகக்கவசத்துக்கு ஒரு வரி இல்லை.

என் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. 'இதர குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதி வைத்தேன். கடன் சாங்ஷன் ஆனது. அடுத்த வருட இன்ஸ்பெக்ஷனுக்குள் எனக்கு வேறு கிளைக்கு மாற்றல். அந்தப் பையனுக்கு முகக்கவசம் கிடைத்ததா? போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.