தெல்லிப்பழையின் மலையாள வியாபாரம்: ஒற்றி உறுதிகளில் ஒரு தேடல்

தெல்லிப்பழையிலிருந்து மலையாளத்துக்குப் புகையிலை ஏற்றிய குடும்பங்களின் வியாபாரத்தை எழுதப் புகுந்தால், முதலில் தேட வேண்டியது அந்த வீடுகளின் கணக்குக் கொப்பியை. ஆனால் 1990இல் போரினால், தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு எழும்பிப் போனது. பலர் திரும்பிக் காணியை மிதிக்க இருபது, இருபத்தைந்து வருடம் சென்றது. வீடே தரைமட்டமான இடத்தில் றங்குப்பெட்டிக் கொப்பியை எங்கே தேடுவது? யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1981இலேயே ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டுவிட்டது.

ஆகவே வாங்கியவர்களின் பக்கத்திலிருந்து தொடங்கினேன். டச்சுக்காரர் காலத்திலேயே மலையாள நாட்டின் திருவிதாங்கூருக்குப் போன சரக்கு இந்தப் புகையிலை. அங்கே புகையிலை வியாபாரம் அரசின் தனியுரிமையாக இருந்தது. திவான் மாதவராவ் 1863இல் அதை நீக்கி இறக்குமதித் தீர்வை வைத்தார். 1906இல் வெளிவந்த நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் அரசுக் கையேடு அந்த ஆட்சியின் வருவாய் வரலாற்றைச் சொல்லும். ஆனால் தீர்வைக் கணக்குக்கு வேண்டியது இலை எந்தச் சீமையது என்பதுதான். சிப்பம் கட்டியவரின் ஊரும் பேரும் அதற்குத் தேவையில்லை.

1816இல் தெல்லிப்பழையில் நிலைகொண்ட அமெரிக்க மிசனரிமார் ஏராளமாக எழுதியவர்கள். அந்தக் கடிதங்கள் ஹார்வர்டில் இருக்கின்றன. அவர்களின் கண்ணோ பள்ளிக்கூடத்திலும் ஞானஸ்நானத்திலும் இருந்தது.

பிறகுதான் தொழில் நடந்த முறையைப் பிடித்துக்கொண்டு தேடினேன். மாரி மழை ஓயும் காலத்தில் கன்று நட்டு, எருப் போட்டு, துலா மிதித்து இறைத்து, இலை வெட்டி, குடிலில் பொச்சுமட்டையும் ஊமலும் மூட்டிப் புகை போட்டு முடிய மாதங்கள் செல்லும். அதுவரை தோட்டக்காரர் கையில் காசு இராது. காசு முன்கூட்டியே கைமாறும் இடத்தில் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துத்தான் ஒற்றி.

1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையில் ஒற்றிக்குத் தெளிவான இடம் உண்டு: கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை, காணியின் பலனை அனுபவிப்பார். நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். காணியின் பெயர், நாலு எல்லை, பனை வடலி, கிணற்றில் பங்கு, தண்ணீர் வார்க்கும் வாய்க்கால் உரிமை எல்லாம் அதில் வரும். கடன் கொடுத்தவரின் பெயரும் ஊரும் வரும்.

ஒற்றி பிடித்தவரெல்லாம் புகையிலை வியாபாரி அல்லர். ஆனால் ஒரே பெயர் பல தோட்டக் காணிகளில், நல்ல கிணற்றுப் பங்குகளோடு, வருடா வருடம் வந்தால் அந்த வீட்டை விடாமல் பின்தொடரலாம். அதே வீட்டின் சீதன உறுதிகளை அருகில் வைத்தால் மகனும் மருமகனும் தொழிலில் சேர்ந்த காலத்தைக்கூட ஊகிக்க முடியும். துறைமுகக் கணக்குகளைவிட இந்த உறுதிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு குடும்பம் எதை நம்பி யாருக்குக் காசு கொடுத்தது என்பதை வேறு எந்தக் கடதாசி சொல்லும்?

தீர்ந்துபோன ஒற்றி உறுதிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. காணி விற்றாயிற்று என்று அவற்றை எறியாதீர்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியாவது கொடுங்கள்.