மூச்சும் உசுரும்

தணிகை மலைக்கு 365 படி. பாதியிலேயே நமக்கு 'மூச்சு வாங்குது'. கூட ஏறும் ஆந்திரக்காரருக்கு அது 'ஊபிரி' (2016-ல் வந்த 'தோழா' படத்தின் தெலுங்குப் பெயரே அதுதான்). ம.பொ.சி. போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. ஆனா 'உசுரு' என்ற சொல் எல்லையின் ரெண்டு பக்கமும் இருக்கு.

கன்னடத்துல 'உசிரு'ன்னா இன்னிக்கும் மூச்சுதாங்க. பழந்தமிழ் 'உயிர்த்தல்' என்பதும் மூச்சு விடுவதே. அப்புறம்தான் நாம மூச்சு வேற, உயிர் வேறன்னு பிரிச்சுக்கிட்டோம்.

ஆங்கில 'ப்ரெத்' கதையோ தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் அதுக்கு வாசனை, ஆவி என்றுதான் பொருள். மூச்சு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

படி ஏறினா மூச்சு வாங்கும். ரிலீஸ் நெருங்கினா மேனேஜர் 'உசுர வாங்குறார்'. வாங்குறது ஒண்ணுதான், யார் வாங்குறாங்க என்பதில்தான் வித்தியாசம்!